சுண்ணாம்பு மேட்டில் வேர்க்கடலை

அக்கா மண்ணை நம்பினாள். போட்டதைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று அதன்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. மனிதர்கள் விஷயத்தில் அது எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. கேளம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தோம், அந்த மனுஷன் இன்னொருத்தியை அழைத்துவந்து அதே வீட்டில் வைத்துக்கொண்டான். அக்கா ஒரு பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு ஊரப்பாக்கத்துக்கு, அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணியைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். பின்பக்க அறையைக் கொடுத்தாள், வேளாவேளைக்குச் சோறு போட்டாள். ஆனால் போடும்போது கரண்டி தட்டில் படுகிற சத்தம் ஒன்று வரும். ஒருத்தர் வீட்டில் ஒண்டிச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அது காதில் விழும். அக்கா அந்தச் சத்தத்துக்குப் பயந்து பாதி வயிற்றோடு எழுந்துவிடுவாள். நான் கீழ்க்கட்டளையில் குடியிருந்தேன், தாம்பரத்துப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சர். இரண்டு அறை வீடு, மாமியார், இரண்டு பிள்ளைகள். என்னோடு வந்து இரு என்று அவளிடம் சொல்லலாம். சொன்னேன். வரமாட்டேன் என்றாள். தங்கை வீட்டுச் சோறு அதைவிடத் தொண்டையில் இறங்காது என்றாள்.

எங்கள் அப்பா முதலில் விவசாயி, பிறகு நிலத்தை பிளாட் போட்டு விற்றவர். ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் இருந்ததெல்லாம் அப்படித்தான் போனது. மிஞ்சியது உள்ளே தள்ளி, ஏரிக்குக் கீழே, கொல்லை என்று நாங்கள் சொல்கிற அரை ஏக்கர் பள்ளம். ஆசையாக வைத்துக்கொண்டார் என்று யாரும் உருக வேண்டாம், வாங்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். அவருடைய முதல் திதி அன்றைக்கு, சொந்தக்காரர்கள் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் எல்லார் முன்னாலும் அக்காவைக் கூப்பிட்டான்.

“அந்தக் கொல்ல இனிமே உன்னுது. நீ பயிர் வெக்கிற வரிக்கும் ஒருத்தனும் கேக்க மாட்டான். வெள்ளாம இல்லாம சும்மா கெடந்தாத்தான் விப்பேன்.”

கூடியிருந்தவர்கள் அவனை வாய் நிறையப் பாராட்டினார்கள். பட்டா அவன் பேரில் இருந்தது. பங்கு கேட்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நியாயம். கோர்ட்டு நியாயம் வேறு என்று தெரிந்தும் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கு அந்த வாசலும் வேண்டியிருந்தது. கொல்லையில் கீரை போட்டாள். தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கட்டுக் கட்டாக எடுத்துப்போனாள். கொஞ்ச நாளில் ஒரு ஸ்டவ் வாங்கிப் பின்பக்க அறையிலேயே பொங்கித் தின்ன ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவள் தட்டில் சோறு குவிந்து கிடந்தது. மென்றுகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

பிறகு இரண்டாயிரத்தைந்து கடைசியில் அந்த மழை வந்தது. ஏரி நிரம்பிக் கொல்லைமேல் ஏறியது. வாரக் கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கீரை அழுகி, ஊரே நாறியது. தண்ணீர் போன பிறகு எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரே பேச்சுதான்: மேடு. எவன் மனை எவ்வளவு மேடு, எவன் வீட்டில் எத்தனை படி முழுகியது. பழைய கட்டடம் இடித்த கழிவுக்கு ரப்பிஷ் என்று பெயர். லாரி லாரியாக அதை வாங்கிப் பள்ளத்தில் அடித்தார்கள். வீட்டு மனைக்கு அடித்தார்கள் என்றால் அர்த்தம் இருக்கிறது. அக்கா கொல்லைக்கே அடித்தாள்.

யாரும் அவளைத் தூண்டவில்லை. அவளே ரோட்டு முனையில் நின்று லாரிகளைக் கை காட்டி நிறுத்தினாள். மெட்ராசுக்குள் பழைய வீடுகளை இடித்து அபார்ட்மெண்ட் கட்டிக்கொண்டிருந்த காலம். இடித்ததைக் கொட்ட இடமில்லாமல் டிரைவர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள்.

“அக்கா, ஏரில கொட்னா புடிக்கிறாங்க. ஒங்க நெலத்துல கொட்டிக்கச் சொல்றீங்க, நல்லா இருப்பீங்க” என்று ஒரு டிரைவர் கும்பிட்டாராம். அக்கா அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். செலவில்லாமல் நிலம் உயர்ந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. பெரிய செங்கல் துண்டுகளைப் பொறுக்கி எறிந்தாள். வெள்ளை வெள்ளையாகப் பொடிந்து கிடந்த பழைய சுண்ணாம்புக் காரையை அப்படியே விட்டாள். அதன்மேல் ஒரு சாண் செம்மண் பரப்பினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கும் அப்போது தப்பாகத் தெரியவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அந்த ஓணானை நாங்கள் லாரியில் வரவழைத்தோம்.

அடுத்த வருஷ மார்கழியில் வேர்க்கடலை விதைத்தாள். முளைப்பு நன்றாக இருந்தது. நாலைந்து இலை வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொல்லைக்குள் நுழைந்தேன். முழு நிலமும் மஞ்சள்.

“இன்னாடி இது, காமால வந்த மாதிரி கீது?” என்றாள் அக்கா. “யூரியா போட்டேன். தண்ணியும் ஜாஸ்தியாத்தான் வுட்டேன். போடப்போட மோசமாவுது.”

குனிந்து பார்த்தேன். அடியில் இருந்த பழைய இலைகள் பச்சையாகவே இருந்தன. மேலே வந்த இளந்துளிர்தான் வெளிறியிருந்தது. அதிலும் நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்க, இடையில் இருந்த பகுதி மஞ்சளாகி, சில செடிகளில் காகிதம் போல வெளுத்திருந்தது. இந்த இலையை நான் வருஷா வருஷம் போர்டில் வரைந்து பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறேன். பழைய இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, துளிர் மஞ்சளானால் இரும்புக் குறைவு. சோகை பிடித்த பெண்ணின் கண்ணிமையை இழுத்துப் பார்த்த மாதிரி இருந்தது.

“இரும்பு பத்தலைக்கா” என்றேன்.

“இரும்புதானே? அது இன்னா, தங்கமா?” என்றாள்.

அடுத்த வாரம் போனால், தாம்பரத்து லேத் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு இரும்புச் சீவலைக் கொண்டுவந்து செடிக்குச் செடி புதைத்து வைத்திருக்கிறாள். சீவல் அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது. செடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் ஒரு பை மண்ணை எடுத்துக்கொண்டு விவசாய ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி என் வயதுக்காரர், நாள் முழுக்க மனைப்பிரிவு சம்பந்தமான ஆட்களையே பார்த்து அலுத்துப்போனவர். பயிர் பற்றிக் கேட்க ஒருத்தி வந்திருக்கிறாள் என்றதும் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். மண்ணில் ஒரு சொட்டு ஆசிட் விட்டார். சோடா மாதிரி பொங்கியது.

“மேடம், ஒங்க மண்ல இரும்பு இல்லன்னு யார் சொன்னா? செம்மண்ணோட சிவப்பே இரும்புதான். தேவைக்கு மேலயே இருக்கு. சுண்ணாம்பு அத கரைய விடல. கரையாத இரும்ப வேர் குடிக்க முடியாது.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. செடி சும்மா இருக்காது என்றும் அவர் சொன்னார். பித்தளைப் பாத்திரத்துக் கறையைப் போக்க நாம் புளியைப் போட்டுத் தேய்க்கிறோம் அல்லவா, அதுபோல வேர்க்கடலை தன் வேரைச் சுற்றிப் புளிப்பைக் கசியவிட்டு இரும்பைக் கரைக்கப் பார்க்கும். ஆனால் சுண்ணாம்பு அந்தப் புளிப்பையெல்லாம் அங்கேயே தின்றுவிடும். செடி கசியவிட்டுக்கொண்டே இருக்கும், மண் தின்றுகொண்டே இருக்கும். தண்ணீர் அதிகம் விட்டால் இன்னும் மோசம். எங்கள் போர் தண்ணீர் வேறு வாளியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். அதையும் கேட்டுத் தலையை ஆட்டினார். புல் இனத்துப் பயிர்கள் வேறு வழியில் சமாளிக்கும், அதுகள் ஒரு பசையை வெளியே அனுப்பி, இரும்பைப் பிடித்து அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். அப்போது எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. இப்போதைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அன்னபேதியைக் கரைத்து இலைமேல் தெளிக்கச் சொன்னார்.

அன்னபேதி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பச்சை நிற இரும்பு உப்பு. அதைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு நானும் அக்காவும் தெளித்தோம். சில நாளில் பட்ட இலையெல்லாம் பச்சை கண்டது. அக்கா எனக்கு போன் போட்டுக் கத்தினாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த துளிர் மறுபடி மஞ்சளாகத்தான் வந்தது. தெளித்தால் பச்சை, விட்டால் மஞ்சள். வேருக்கு வழியில்லாமல் இலைக்கு எத்தனை நாள் ஊட்டுவது? அந்தப் பயிரைப் பிடுங்கியபோது பாதிக்குமேல் பருப்பில்லாத பொக்குக் காய்.

பிடுங்குவதற்கு முன்னால், மாசி மாதத்தில்தான் அண்ணன் ஒரு நாள் கொல்லைக்கு வந்தான். நானும் இருந்தேன். வரப்பில் நின்று மஞ்சளாகக் கிடந்த நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் போன பிறகு அக்கா ஒரு மஞ்சள் துளிரைக் கிள்ளிப் பார்த்தாள்.

“வெள்ளாம இல்லன்னு ஆயிடுமாடி?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் ஆவாதுக்கா. பயிர் வெச்சிருக்க இல்ல?” என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

அன்றைக்கு எரிச்சலோடு கொல்லையைச் சுற்றி நடந்தபோதுதான் கிழக்கு ஓரத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அக்கா வரப்பை ஒட்டி ஒரு வரிசை மக்காச்சோளம் போட்டிருந்தாள். ஸ்டேஷன் வாசலில் கதிர் சுட்டு விற்கிற அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று. மக்காச்சோளத்துக்கு ஒரு குறையும் இல்லை, கருகருவென்று நின்றது. அதுகூட எனக்கு ஆச்சரியம் இல்லை, புல் இனம் தானே. அதன் பக்கத்தில் நெருங்கியிருந்த இரண்டு வரிசை வேர்க்கடலையும் பச்சையாக இருந்தது. மூன்றாவது வரிசையில் மஞ்சள் தொடங்கியது. அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கடலைச் செடியை மண்ணோடு பெயர்த்தோம். அதன் வேரும் சோளத்து வேரும் ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தன. சோளம் தனக்கென்று பிடித்துவைத்த இரும்பில் பக்கத்துச் செடிக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது.

“பக்கத்துல கீறதுக்கும் குடுக்குதா அது?” என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். “கேக்காமயே குடுக்குதா?”

கொடுப்பதற்கென்று அது ஒன்றும் செய்யவில்லை, சிந்தியதைத்தான் இது எடுத்துக்கொள்கிறது என்று டீச்சர் மாதிரி விளக்கினேன். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சோளத் தட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மார்கழிக்குள் அவள் அந்த நிலத்தை ஒரு வழி பண்ணினாள். ரயிலில் ஏறிப்போய் மாட்டுத்தொழுவம் வைத்திருக்கிறவர்களிடம் குப்பை வாங்கி வந்து போட்டாள். ஒரு வரிசை மக்காச்சோளம், இரண்டு வரிசை வேர்க்கடலை, மறுபடி ஒரு வரிசை மக்காச்சோளம் என்று நிலம் முழுக்க விதைத்தாள். அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் விதைத்தாள். “போடு, போடு” என்றான் அவன். தண்ணீரை அளந்து விட்டாள். தை பிறந்தது, பச்சையாகவே இருந்தது. மாசி வந்தது, பூத்தது. அங்கங்கே சில செடி மஞ்சள் காட்டியது உண்மைதான், அதற்கு அன்னபேதியைத் தெளித்தாள். பாக்கியெல்லாம் கண்ணுக்கு நிறைவாக நின்றது. அந்தச் சுண்ணாம்பு மேட்டில், யாரும் உதவாமல், ஒரு செடியை ஒட்டி இன்னொரு செடி பிழைத்துக்கொண்டது. அக்கா உடம்பு பிடித்திருந்தாள். சாயங்காலம் கொல்லையிலிருந்து வீட்டுக்குப் போகவே மனசில்லை என்பாள்.

பங்குனியில், பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலை வேளையில் இரண்டு ஆட்கள் டேப்போடு கொல்லைக்குள் வந்தார்கள். அன்றைக்குப் பள்ளி விடுமுறை, அக்காவோடு நானும் அங்கேதான் இருந்தேன். சோளத்தை விலக்கிக்கொண்டு மூலைக்கு மூலை அளந்தார்கள். யார் என்று கேட்டதற்கு, வாங்கினவர் அனுப்பினார் என்றான் ஒருவன், சர்வ சாதாரணமாக.

“போன வருசம் மாசிலயே அட்வான்ஸ் வாங்கிட்டாரே உங்க அண்ணன். ஒங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டவன், காலடியில் மண்ணை உதைத்துப் பார்த்தான். “நல்ல வேள, ரப்பிஷ் அடிச்சு மேடாக்கி வெச்சிருக்கீங்க. பள்ளமா இருந்திருந்தா எங்க மொதலாளி இந்தப் பக்கம் தலவெச்சுகூடப் படுத்திருக்க மாட்டாரு.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. போன வருஷத்து மாசி. வரப்பில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போனானே, அந்த மாசி. இந்தப் பயிரை அக்கா விதைத்ததே விற்றுப்போன நிலத்தில்.

அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன திட்டுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

“எல்லார் முன்னாடியும் சொன்னியே. பயிர் வெக்கிற வரைக்கும் அவளுதுன்னு.”

“பயிரா அது? போன வருசம் நீயும்தான பாத்த. மஞ்சளா, நோவு புடிச்சு கெடந்துச்சி. சும்மா கெடந்த மாதிரிதான?”

“அப்பறம் ஏன் இந்த வருஷம் விதைக்க விட்ட?”

அவன் பேப்பரை மடித்தான். நிஜமாகவே என்மேல் வருத்தப்பட்ட முகம் அது. “ஆசப்பட்டா. வேணாம்னு எப்டி சொல்றது? சும்மா ஒக்காந்துகினு இருந்தா அவளுக்குப் பைத்தியம் புடிச்சிடும். இன்னா இருந்தாலும் தங்கச்சி இல்லியா?”

நான் அன்றைக்கு அவனை என்னென்னவோ பேசினேன். செத்தாலும் உன் வாசல் மிதிக்க மாட்டேன் என்றேன். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் வந்தேன். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? காப்பி ஆறியது, அவ்வளவுதான். அறுவடை வரைக்கும் பொறுப்பதாக வாங்கினவர் பெரிய மனசு பண்ணினார். அண்ணி அக்காவிடம் வந்து, “இனிமே தனியா எதுக்குப் பொங்கினு, எங்களோடவே சாப்டு” என்று சொன்னாளாம். அன்பாகத்தான் சொன்னாளாம். ஸ்டவ்வை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார்கள். நான் மறுபடி அக்காவை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். மறுபடியும் அதே பதில்தான் வந்தது.

சித்திரையில் வேர்க்கடலை பிடுங்கினோம். கூலிக்கு ஆள் வைக்க வேண்டாம் என்றாள் அக்கா, நாங்கள் இரண்டு பேரும்தான். செடியைப் பற்றி இழுத்தால் கொத்துக் கொத்தாகக் காய் வந்தது. பொக்கு தேடித்தான் எடுக்க வேண்டும். அப்படி ஒரு காய்ப்பை அந்தக் கொல்லையில் அப்பா காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. அக்கா ஒவ்வொரு செடியையும் உதறி, மண்ணைத் தட்டி, குவியலில் சேர்த்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

வெயில் ஏறிய நேரத்தில் அண்ணன் ஸ்கூட்டரில் வந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் நேராகக் குவியலுக்குப் போய் உட்கார்ந்து, ஒரு காயை உடைத்து வாயில் போட்டான். இன்னொன்று உடைத்தான். பச்சைக் கடலை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

“நல்லா தெரண்டுகீதே” என்றான் மென்றுகொண்டே. “இத மொதல்லயே செஞ்சிருக்கலாம் இல்ல?”

என் கையில் இருந்த செடியை அவன் முகத்தில் அடித்திருப்பேன். அக்கா முந்திக்கொண்டாள். ஒரு பையை எடுத்து, நல்ல காயாகப் பார்த்துப் பொறுக்கி, வாய் வரைக்கும் நிரப்பினாள். எங்கள் பக்கத்தில் முதல் காய் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. பையை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு, வெயிலில் ரொம்ப நேரம் இருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

“ஒனக்கு சூடு சொரணை இல்லியாக்கா?” என்று கத்தினேன். “அவனுக்குப் போய் எதுக்குக் குடுத்த? எதுக்கு?”

அக்கா அடுத்த செடியைப் பிடுங்கி உதறினாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“ராத்திரிக்கு அந்த வூட்லதாண்டி சாப்டணும்.”